காரணம்: குளிர்

அந்த வருடத்து வெயிலில் எங்கள் மாடு ஒன்றுகூடச் சாகவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்க்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கராயனில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கைந்து வீடுகளில் மாடு செத்தது. எங்களிடம் சித்திரையில் பதினான்கு இருந்தன, ஐப்பசியிலும் பதினான்கு இருந்தன.

வெயில்காலத்துச் சிறுபோக விதைப்புக்கான கூட்டத்தில், குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் காணாது, மேல் வாய்க்கால்காரர் மட்டும் விதைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் வயல் கீழ் வாய்க்காலில். விதைப்பு இல்லையென்றால் நெல் மட்டுமல்ல, வைக்கோலும் இல்லை. வானொலியைத் திருப்பினால் தெற்கே வெள்ளம், மலைநாட்டில் மண்சரிவு என்று வாசிப்பார்கள். அதே மூச்சில் வடக்கில் வறட்சி என்பார்கள். இத்தனை சின்னத் தீவுக்குள் இப்படியும் ஓரவஞ்சனையா என்று நான் வானொலியைத் திட்டுவேன். என் மனுசன் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து கதிரையில் இருப்பார். அவர் அதிகம் கதைக்கிறவர் அல்ல. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கான கதையையும் நானே கதைத்து வந்தேன்.

சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் புழுதி வீட்டுக்குள் வந்து கதிரை, அலுமாரி எல்லாவற்றிலும் படிந்தது. துடைப்பதை நான் ஆனி மாதத்தோடு விட்டுவிட்டேன். காலையில் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மாடுகளுக்குக் குழை வெட்டப் போவோம். பூவரசு மொட்டையானபின் கிளுவை, அதுவும் முடிந்தபின் பனையோலை. குழாய்க்கிணற்றில் வாளி வாளியாக அடித்துத் தொட்டியை நிரப்புவேன். பின்னேரம் ஆகுமுன் தொட்டியின் அடி தெரியும். ஆவணியில் ஒரு பசு படுத்தது எழும்பவில்லை. படுத்த மாட்டை அப்படியே விட்டால் அது அத்தோடு சரி. வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்துவோம். பதினெட்டு நாள் தூக்கினோம். பத்தொன்பதாம் நாள் நாங்கள் போகுமுன் தானாக எழும்பி நின்றது. அன்று நான் அழுதேன். அந்த வருடம் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

இனிச் சொல்ல வேண்டியது அயல் வயல்காரரைப் பற்றி. எங்கள் கீழ் வாய்க்காலில் எங்களுக்கு அடுத்த துண்டு அவருடையது. என்னைவிடப் பத்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் தம்பி என்பேன். முந்திய மழைக்காலத்துக் காலபோகத்தில் எங்கள் மாடுகள் பட்டியின் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து, கதிர் வரும் நேரத்தில் அவருடைய வயலில் ஒரு மூலையை மேய்ந்துவிட்டன. அடுத்த கூட்டத்தில் அவர் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, மாடு வளர்க்கத் தெரியாதவர்கள் ஏன் வளர்க்கிறார்கள் என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே முழுக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் எழும்பினேன். இனி என் மாட்டின் ஒரு குளம்பு உங்கள் வயலில் பட்டால் நான் மாடே வளர்க்கமாட்டேன் என்றேன். மனுசன் என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தப் பார்த்தார். நான் இருக்கவில்லை.

ஐப்பசியில் எல்லோரும் புழுதி விதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மழைக்குக் காத்திருப்பதில்லை. காய்ந்த மண்ணை உழுது நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். விதைப்பு முடிந்தால் மாடுகள் வயல் பக்கம் நிற்கக்கூடாது என்பதும் வழக்கம். காட்டோரம் உள்ள வெட்டை வெளியில், நான்கு பக்கமும் முள்ளுக்கம்பி அடித்த எங்கள் பட்டிக்கு அவற்றைக் கொண்டுபோனோம். பகலில் மனுசன் காட்டுப்பக்கம் மேய்ப்பார், பொழுதுபட அடைப்பார். பட்டிக்குக் கூரை கிடையாது. வன்னியில் யாரும் பட்டிக்குக் கூரை போடுவதில்லை, வெயில் மழையெல்லாம் மாட்டுக்குப் பழக்கம் என்றுதான் நினைப்போம். கம்பியை நாங்கள் இரட்டிப்பாக அடித்தோம். சந்தைக்குப் போய்ச் சங்கிலியும் ஆமைப்பூட்டும் நானே வாங்கி வந்து பட்டி வாசல் படலையில் போட்டேன். பூட்டின் திறப்பை என் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். காலையில் நான் போய்த் திறந்தால்தான் மாடு வெளியே வரும்.

கார்த்திகையில் பெருமழை வந்தது. முதல் நாள் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஐப்பசித் தூறலில் முளைத்த நெல் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக வந்திருந்தது. மூன்றாம் நாள் மழையோடு வாடைக்காற்று சேர்ந்தது. அப்படியொரு குளிரை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தும் பல்லு அடித்தது. அன்று மேய்க்கவே முடியாமல் மாடுகள் பட்டிக்குள்தான் நின்றன. பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றன. வெயிலில் வற்றிய உடம்பு இன்னும் தேறியிருக்கவில்லை, விலா எலும்பை எண்ணலாம். மனுசன் படலையில் கையை வைத்தார்.

"இஞ்சரும், திறந்து விடுவம். அதுகள் காட்டுக்குள்ள போய் மரத்தடியில ஒதுங்கும்" என்றார்.

"வயலுக்க போனால்?"

"போகாதுகள். காத்துக்கு அதுகள் காட்டுப்பக்கம்தான் போகும்."

"நான் கூட்டத்தில சொன்னது சொன்னதுதான். ஒரு ராத்திரிதானே, நிக்கட்டும்" என்றேன்.

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. வரும் வழியில் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அவர் முன்னால் நடந்தார், நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

காலையில் பதினொன்று செத்துக் கிடந்தன. பெரும்பாலும் படலையடியில், ஒன்றின்மேல் ஒன்றாக. படலை காட்டுப் பக்கம் பார்த்தது. நான் பூட்டைத் திறந்தேன், ஆனால் உடல்கள் அழுத்தியிருந்ததால் படலையைத் தள்ள முடியவில்லை. மனுசன் பின்பக்கக் கம்பியை வெட்டித்தான் உள்ளே போனார். பதினெட்டு நாள் தூக்கி நிறுத்திய பசு அடியில் கிடந்தது, கால் மட்டும் தெரிந்தது. மூன்று மாடுகள் நடுவில் நின்றன. கம்பியை வெட்டிய பிறகும் அவை வெளியே போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. படலையின் கீல் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புதைக்க இயந்திரம் பிடித்துக்கொண்டு வந்தவர் அந்தத் தம்பிதான். அவருடைய வயலும் எங்கள் வயலும் அன்று ஒரே தண்ணீருக்குள் கிடந்தன, வரம்புகூடத் தெரியவில்லை. குழி வெட்டி முடியும்வரை மழையில் நின்றார். போகும்போது என்னிடம் வந்து, அக்கா, திறந்து விட்டிருக்கலாமே, நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று பார்த்தேன். கோபத்துக்கு நான் ஒருநாளும் பஞ்சப்பட்டதில்லை. அன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தம்பி, நனையாமல் போங்கோ என்றேன்.

அடுத்த கிழமை அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, செத்த மாடுகளைப் பதியும் படிவத்தோடு வந்தாள். முற்றத்தில் சேறு, அதனால் உள்ளே கதிரை போட்டோம். பசு எத்தனை, கன்று எத்தனை, எத்தனை வயது என்று கேட்டு எழுதினாள். மனுசன் ஒவ்வொன்றாகச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் அவளே குளிர் என்று எழுதினாள். ஊர் முழுக்க அப்படித்தான் எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். அவிழ்த்து விட்ட ஆட்களின் மாடுகள் காட்டுக்குள் ஒதுங்கிப் பிழைத்திருக்கின்றனவே, உங்கள் பட்டியை ஏன் திறக்கவில்லை?

நான் வாயைத் திறக்குமுன் மனுசன் சொன்னார்.

"அது என்ர பிழை, பிள்ளை. இவா திறந்து விடுவமெண்டு சொன்னவா. நான்தான் வேண்டாமெண்டனான்."

அவர் வழமையாக ஒரு நாள் முழுக்கக் கதைக்கும் அளவு அது. சொல்லிவிட்டு அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவள் படிவத்தை மடித்தாள், பைக்குள் வைத்தாள், எழும்பினாள். வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள்.

"அவர் உங்கட சொல்லைக் கேட்டிருக்கலாம், என்னம்மா" என்றாள்.

"ஓம்" என்றேன்.