பலாகாவும் மூன்று ஊர் ‘நோ’வும்

ஹங்கேரிக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் இசா பள்ளத்தாக்கில் ‘நோ’ என்று சொல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. மாட்டை அவிழ்க்கும்போது ‘நோ’. அரிவாளைத் தீட்டிவிட்டு எழும்போது ‘நோ’. பூசை முடிந்து அங்கியைக் கழற்றுகிற பாதிரியார் வாயிலும் அதே ‘நோ’தான். சரி, ஆகட்டும், கிளம்பலாமா, அப்புறம் என்ன, எல்லாவற்றையும் அந்த ஓரெழுத்துக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள்.

விருந்தாளி ‘நோ’ என்று எழுந்தால் மட்டும் அதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர் “இன்னும் கொஞ்சம் இரேன்” என்று சொல்லவேண்டும். வந்தவர் மறுக்கவேண்டும். மறுபடியும் சொல்லவேண்டும், மறுபடியும் மறுக்கவேண்டும். மூன்றாவது தடவை சொன்னதும் உட்கார்ந்து இன்னொரு கிளாஸ் பிளம் சாராயம் குடித்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்லாத வீட்டை ஊரே கரித்துக்கொட்டும்.

பலாகாவும் இந்த ஊர்க்காரிதான். இடி விழுந்து வீட்டுக் கூரை எரிந்த வருடம் அவள் வெளிநாட்டு வேலைக்குப் போனாள். புருஷன் இலியேஷ் மாட்டையும் வைக்கோலையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தான்.

முதல் இரண்டு வருடம் செக் நாட்டில் ஒரு ரொட்டிக்கடை. அங்கே ‘நோ’ என்றால் ஆமாம். அது தெரியாமல், “ரொட்டி வெந்துடுச்சா?” என்று ஒருத்தி கேட்க இன்னொருத்தி “நோ, நோ” என்றபோதெல்லாம் தன்னைத்தான் ‘ம், ஆகட்டும்’ என்று விரட்டுகிறார்கள் என்று நினைத்து, முதல் வாரம் முழுக்க ஓடி ஓடி வேலை செய்தாள் பாவம்.

பிறகு ஒன்பது வருடம் இத்தாலியில், உதினே நகரத்தில். ஒத்தாவியோ என்ற கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே ‘நோ’ என்றால் முடியாது, மாட்டேன், போ. பழக்கதோஷத்தில் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் ‘நோ’ என்பாள். கிழவர் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.

“ஏம்மா, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே! அதுக்குள்ள மாட்டேங்குறியா?”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் சிரித்து முடித்துச் சமையலறைக்குள் போனதும் அவளுக்கு நெஞ்சு கனத்துவிடும். எழுந்தவளை இன்னும் கொஞ்சம் இரு என்று சொல்ல அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நம் பழைய தமிழில் ‘நோ’ என்றால் வலி. பலாகாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அதுதான் சரியான அர்த்தம் என்றிருப்பாள்.

சொந்த வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது! ஆகஸ்டில் இரண்டு வாரம் வருவாள். அடுப்புப் பக்கத்து ஆணியில் அவளுடைய நீலக் குவளை தொங்கும். பதினொரு மாதம் தொங்கியும் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. அதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. கிளம்புகிற அன்று சமையலறை மேசையிலிருந்து எழுந்து ‘நோ’ என்பாள். இலியேஷ் பையைத் தூக்கிக்கொண்டு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப்போகும் வேனை நோக்கி நடந்துவிடுவான். ஒரு வார்த்தை கிடையாது. வரி கேட்டு வந்தவனைக்கூட மூன்று தடவை உட்காரச் சொன்ன மனுஷன்! வேனில் ஹங்கேரி தாண்டும்வரை அவள் அழுதுகொண்டே போவாள்.

இந்த வருடம் மே மாதம் ஒத்தாவியோ இறந்துபோனார். அவருடைய தங்கை மகள் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டாள், இன்னும் இரண்டு வருடத்துக்கு. கூரை போட்டு எத்தனையோ காலமாயிற்று. போயே தீரவேண்டும் என்று ஒன்றுமில்லை. வழக்கம்போல ஆகஸ்டில் ஊருக்கு வந்த பலாகா மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டாள். அவன் ஒரே ஒரு தடவை ‘இரு’ என்று சொன்னால் இருந்துவிடுவது. சொல்லாவிட்டால் போய்விடுவது, இனி ஆகஸ்டுக்கும் வருவதில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்குகிற ‘இரு’ அவளுக்கு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. சோளக்களித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

“நோ,” என்றாள்.

இலியேஷ் பையைத் தூக்கினான். அவ்வளவுதான், பலாகாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“யோவ், நீ மனுசனா மரக்கட்டையா? மாட்டு டாக்டர மூணு தடவ இருன்னு சொன்னே. வரிக்காரன்கிட்டயும் சொன்னே. எனக்குச் சொல்ல மட்டும் வாயில கொழுக்கட்டையா?”

அவன் திருதிருவென்று விழித்தான். “அவங்கல்லாம் விருந்தாளிங்க, புள்ள.”

“அப்ப நான்?”

“நீ வீட்டுக்காரி. உன் வீட்டுல உன்னையே இருன்னு நான் எப்படிச் சொல்றது? சொன்னா, நீ இந்த வீட்டு ஆளே இல்லன்னு ஆயிடாதா?” பையின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். “வருசா வருசம் நாக்கு நுனி வரைக்கும் வரும். ஐயோ, இவள விருந்தாளி ஆக்கிடக் கூடாதுன்னு முழுங்கிடுவேன்.”

பதினோரு வருடம்! பலாகாவுக்குச் சிரிப்பதா, அவன் தலையில் இரண்டு போடுவதா என்று தெரியவில்லை.

“முட்டாளே,” என்றாள். “இன்னிக்கு ஒரு நாள் என்னை விருந்தாளியாவே நெனச்சிக்க. சொல்லு.”

இலியேஷ் பையைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். “இன்னும் கொஞ்சம் இரேன், பலாகா.”

“அய்யய்யோ, வேலை தலைக்கு மேல கெடக்கு,” என்று முறைப்படி மறுத்தாள்.

“அப்படி என்ன அவசரம்? இரு.”

“இல்லல்ல, இன்னொரு நாளைக்கு.”

மூன்றாவது தடவை வரவில்லை. அவன் உதடு அசைந்தது, சத்தம் எழவில்லை. வாசலில் டிரைவர் துமித்ரு ஹாரனை அடித்துவிட்டு, “நோ, அக்கா! வர்றீங்களா இல்லையா?” என்று கத்தினான்.

பலாகா காத்திருக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

இலியேஷுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்றே வைத்திருந்த தங்க விளிம்புக் கோப்பையை எடுத்துக் காப்பியை ஊற்றப் போனான்.

“யோவ், அதை உள்ள வை,” என்றாள் பலாகா. “என் குவளையக் கொண்டா.”