சுவரோரம் ஒரு சாண்

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் அடுக்களையும்தான். மழைக்காலத்தில் கடல் பொங்கும் வேலியேற்றத்தின்போது காயல் தண்ணீர் ஓடை வழியாக வாசல்வரை ஏறும். தரை நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். என் ஆறு வயதுப் பெண் தாங்கிக்கொண்டாள். மூன்று வயதுப் பையனுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஈரத்திலிருந்து தள்ளிப் படுக்கவையுங்கள் என்றார் டாக்டர். இரண்டு கட்டில் போட இடமில்லை.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் ஒருநாள் கைவண்டியில் ஓர் இரும்புக் கட்டிலைக் கொண்டுவந்தார். உடைக்கப்போட்ட கப்பலில் மாலுமிகள் படுத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு, ஏறுவதற்குச் சிறிய ஏணி. மேல்தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் முழ உயரத்துக்குப் பலகை இருந்தது.

"கப்பல் சாயறச்சே ஆள் உருளாம இருக்கத்தான் அது," என்றார். "முன்னெல்லாம் மாலுமிகள் தூளி மாதிரி கித்தான் கட்டிப் படுத்துப்பாளாம். அப்பறம் தட்டு வந்தது. பட்டாளம், ரயில்னு இப்ப எங்க பார்த்தாலும் இதான்."

"ரயில்ல பெரியவான்னா படுத்துக்கறா! இவன் குழந்தை."

"நீ எல்லாத்துக்கும் பயந்து பேடிச்சுண்டே இரு."

பையனைக் கீழ்த்தட்டில் விட்டால் ஈரம். மேலே விட்டால் விழுவானோ என்ற பயம். இழுப்பை நினைத்து மேலேயே விட்டேன். பலகை அறைப் பக்கம் இருக்கும்படி கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பலகையைத் தினமும் ஆட்டிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் சுவர் ஈரம் மெத்தையில் ஏறிப் பூசணம் வாடை அடித்தது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம்.

ஒரு மத்தியானம் அவனைத் தூங்கவைத்துவிட்டுச் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோதெல்லாம் பலகை அசையாமல் இருந்தது. கீழ்த்தட்டில் பெண் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேலேந்து கால் வரது."

"விளையாடாதே."

"நிஜமாம்மா. ரெண்டு காலும் வந்தாச்சு."

ஓடினேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவன் கால்கள் தொங்கின. மெத்தை விளிம்பில் இரண்டு கைகளும் முகவாயும் மட்டும் பிடித்திருந்தன. அழக்கூட இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கட்டிலை இழுத்தால் பொத்தென்று விழுவான். மேலே ஏறித் தூக்கலாமென்றால், நான் ஏறுவதற்குள் கை நழுவிவிட்டால்? ஏணியில் ஒரு காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

பெண் சிலேட்டைப் போட்டுவிட்டு எழுந்து அந்த இடுக்கில் நுழைந்தாள்.

"என் தோள்ல நில்லுடா. ஒதைக்காதே, மூக்குல படறது!"

கால்கள் அவள் தோளைத் தேடிப் பிடித்தன. நான் ஏறி, அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். மார்பில் வந்து விழுந்தபிறகுதான் அழுதான்.

சாயங்காலம் கணவர் வந்து அந்த இடுக்கையே வெகுநேரம் பார்த்தார். கேலி செய்யவில்லை.

"கப்பல்ல இத சுவரோட சேர்த்து முடுக்கியிருப்பா. அதான் அந்தப் பக்கம் பலகை வெக்கலை."

நான் பலகையைத்தான் தினமும் பார்த்தேன். பலகை இல்லாத பக்கம் என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் ஆசாரி வந்து சுவர்ப் பக்கமும் ஒரு பலகை அடித்தார். ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. பையனைக் கீழ்த்தட்டில் அக்காவோடு படுக்கவைத்தேன். இரண்டே நாளில் நெஞ்சு மறுபடி இழுத்தது. விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

மூன்றாம் நாள் விளக்கு வைத்ததும் அவனைத் தூக்கி மேலே விட்டேன். ஏணியை விட்டு இறங்காமல், புதுப் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுழையவில்லை. மறுபடி விட்டுப் பார்த்தேன்.

"அம்மா, நீ கீழே போ," என்றான். "எனக்குத் தூங்கணும்."