செப்புத் தகட்டுக்கு ஒரு கும்பிடு

பிள்ளைகளே, போன ஊரைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் பாதியிலேயே மூடிவிட்டீர்கள். "பாடப் புத்தகம் மாதிரி இருக்குப்பா" என்றாள் சின்னவள். இந்தத் தடவை உங்களைக் கடைசி வரிவரை படிக்க வைக்காமல் விடமாட்டேன்.

திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அட்டைப்பெட்டி லோடு இறக்கிவிட்டு நிற்கிறேன். வேலை நடக்கும் அறையைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். செல்போனையும் செருப்பையும் கேட்டிலேயே வாங்கிவைத்தாயிற்று. அறை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறது. முன்னால் போகும் பெண்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். வெடிமருந்தோடு பிழைக்கிறவர்கள், ஏதோ காவல் தெய்வம்போல என்று நானும் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

பின்னால் ஒரே சிரிப்பு.

"அண்ணாச்சி, என்ன வேண்டிக்கிட்டீக?" என்கிறார் கையெல்லாம் மருந்து அப்பிய ஓர் அக்கா. "அது சாமி இல்ல. நம்ம உடம்புல இருக்க கரண்டு அது வழியா தரைக்கு எறங்கிரும். எறங்காம உள்ள போயி ஒரு பொறி தட்டுச்சுன்னா அம்புட்டுத்தான்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. "இதப் போயி பிள்ளைகளுக்கு எப்படிம்மா எழுதுறது?" என்கிறேன்.

"நல்லா எழுதுங்க. இந்தா, தகட்ட எதுக்குத் தொடணும்னு போர்டுல எம்புட்டுப் பெருசா எழுதிருக்கு! நீங்க படிச்சீகளா? உங்க கூத்துன்னா எல்லாரும் படிப்பாக."

அப்போதுதான் தலைக்கு மேலே இருக்கும் போர்டைப் பார்க்கிறேன். அக்கா தகட்டைத் தொட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே கண்ணில் ஒற்றிவிட்டு உள்ளே போகிறார்.

அந்தத் தகடு எதற்கு என்று இனி நீங்கள் மறக்கமாட்டீர்கள். கடைசி வரிக்கும் வந்துவிட்டீர்கள்.