அமெரிக்க இசையமைப்பாளரின் வலது காது

கோலாலம்பூருக்கு வடக்கே, புக்கிட் பெருந்துங்கில் தாமான் என்னும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு ஓர் அமெரிக்கருக்குச் சில ஆண்டுகள் வேலை செய்தேன். சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பின்னணி இசை அமைப்பவர் அவர். பியானோவில் அவர் வாசித்து அனுப்புவதை, வயலினுக்கு இவ்வளவு, புல்லாங்குழலுக்கு இவ்வளவு என்று பிரித்து, வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கும் தாள்களாக எழுதிக் கொடுப்பது என் வேலை. அவருக்குச் சாயங்காலம் ஆகும்போது எனக்குக் காலை. கணவர் தொழிற்சாலைக்குக் கிளம்பிய கையோடு கணினித் திரையில் அவர் முகம் வந்துவிடும்.

நான் பக்கத்து ஊரான ராசாவில் பிறந்தவள். தேவாலயத்தில் கீபோர்டு வாசித்துப் பழகி, பிறகு கோலாலம்பூரில் எடுக்கும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றை இணையத்தில் கேட்டுவிட்டுத்தான் அவர் எனக்கு எழுதினார். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொன்னார். என் வாய்க்கு அது வரவில்லை. ‘சார்’ என்றேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

இசைக் கோப்புகள் இணையத்தில் ஏறி முடியும்வரை தன் கதையைச் சொல்வார். இரும்பாலை ஊரில் பிறந்தவர். மதுக்கடைகளில் பியானோ வாசித்திருக்கிறார். சவர்க்காரத்துக்கும் நாய்த் தீனிக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டிருக்கிறார். பிறகு ஒரு போலீஸ் தொடர் அவரைத் தூக்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெரிய படங்கள். மூன்றாவது படுத்துவிட்டது, அதோடு தொலைபேசியும் அடங்கிவிட்டது. பல வருடம் கழித்து மறுபடி தொலைக்காட்சி, ஒரு குடும்பத் தொடர். நான் சேர்ந்தது அந்த நேரத்தில்தான். இதையெல்லாம் அடுத்தவர் கதை மாதிரி சொல்வார். சொல்லும்போது விரல் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தொடரின் இரண்டாவது சீசனில், அதாவது பருவத்தில், ஏதோ மாறியது. எல்லா வாத்தியங்களையும் சேர்த்து அவர் அனுப்பும் கலவையில் வயலின்கள் காதைக் குத்தின. தாளத் தட்டுகள் தகரக் கூரையில் கல் விழுவதுபோல இருந்தன. புதுப் பாணி போலும் என்று நினைத்து, சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். ஒரு காலை, கடைசியில் வரும் மணியோசை போதுமா, இன்னும் கூட்டட்டுமா என்று கேட்டார்.

மணியைத் தவிர வேறு எதுவுமே கேட்கவில்லை, சார், என்றேன்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இடது காதில் மேல் ஸ்தாயி ஒலிகள் போய்விட்டன, இப்போது வலது காதும் தொடங்கிவிட்டது என்றார். மனைவிக்கும் வைத்தியருக்கும் மட்டும் தெரியுமாம். தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்தால் அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிடுவான் என்றார். இனிமேல் எல்லாக் கலவையையும் நீ முதலில் கேள், எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சொல், என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவருடைய இசையை நான் ஒருத்தி சரி என்றால் அது லட்சம் வீடுகளுக்குப் போய்விடும். என் காது தவறினால்? பின்னறையில் ஒருமுறை கேட்பேன். நம்பிக்கை வராது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசா ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேடையில் நின்று, ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். கலும்பாங் வரை போய் ஒரு கோப்பிக் கடையில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்பேன். கோப்பி ஆறிப்போகும். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால்கூட, அது இசையில் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். சாப்பாட்டு மேசையில் நான் கரண்டியால் தட்டை மெல்லத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்த கணவர், “ஒனக்கும் காது போச்சுன்னு நெனைக்கிறியா?” என்று கேட்டார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே சோதித்துக்கொண்டு வந்தேன். ஒரு கோளாறும் இல்லை. அப்போதும் நிம்மதி வரவில்லை.

பருவத்தின் முடிவுக்காக ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் முழு வாத்தியக் குழுவோடு ஒலிப்பதிவு வைத்தார்கள். அவர் நேரில் போயிருந்தார். எனக்குப் பிற்பகல், இணைய வழியே கேட்டுக்கொண்டிருந்தேன். புல்லாங்குழல்காரப் பெண் எழுந்து, இந்த இடத்தில் மேலே போகவா, கீழேயே நிற்கவா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் வேகமாக, நன்றி, என்றார் அவர். குழுவினர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அந்தக் கூடத்தில் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவசரமாகக் கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். கைபேசியைக் குனிந்து பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

அவர் ஊர் திரும்பிய மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். நீங்களே சொல்லிவிடுங்கள், சார். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னால் அது உங்கள் வார்த்தையாக இருக்கும். அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. உன் வேலை கேட்பது, அறிவுரை சொல்வதல்ல, என்று திரையை அணைத்துவிட்டார்.

வாரங்கள் போயின. ஒரு செய்தியும் இல்லை. கழுவிய துணியையே மறுபடி கழுவினேன். கணினியைத் திறந்து மூடினேன். பொறுக்க முடியாமல் கோலசிலாங்கூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வீட்டில் சும்மா உட்கார மாட்டாய் என்று தெரியும், வா என்று லோரியிலேயே ஏற்றிக்கொண்டார். ஆலை வாசலில் லோரிகள் நீள வரிசையில் நின்றன. ஆவியில் வெந்த பழத்தின் புளித்த வாடை. அங்கேதான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அண்ணன் சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். “சரி, அவரு வேலைய நீ காப்பாத்துறியா, இல்ல அவரு பயத்தக் காப்பாத்துறியா?”

“ரெண்டும் ஒண்ணுதானேண்ணே.”

“இல்ல லா. என் கூட்டாளி ஒருத்தன் கண்ணு மங்கிப்போயி ஓட்டுனான். கிளீனர் வழி சொல்லிச் சொல்லி ஓட்டுனான். எவ்வளவு தூரம் போவும்? நீ சொன்னது சரிதான். இனிமே அவரு பாடு.”

வரிசை நகர்ந்தது. அண்ணன் கியரைப் போட்டார். நான் சொன்னது சரி என்று ஒருவர் வாயால் கேட்டும் மனசு அடங்கவில்லை. சரியாகச் சொல்லி ஒருவரை இழந்தால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஓடியது.

நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு, தேவாலயத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் அழைத்தார். சமையலறையில் இருந்தார். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தார். தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன் என்றார். அவர் பயந்ததேதான் நடந்திருந்தது. மரியாதையாகப் பேசி, பூங்கொத்து அனுப்பி, அடுத்த பருவத்தை ஒரு இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உனக்கும் வேலை போயிற்று, மன்னித்துக்கொள், என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையில் அப்படி இல்லை. வீட்டுக் கடனில் பாதியைக் கட்டியது என் வருமானம்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

அந்தப் பருவத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் இசை பாக்கி இருந்தது; அதை அவர் கையாலேயே முடிக்கச் சொல்லியிருந்தார்கள். சில நாளில் அது வந்தது. வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை, தாளத் தட்டு இல்லை. தாழ்ந்த குரலுள்ள செல்லோ, அடித்தொண்டையில் பேசும் கொம்பு வாத்தியம், பியானோவின் இடப்பக்கக் கீழ்ச் சுரங்கள் மட்டும். தனக்கு இன்னும் கேட்பவற்றை வைத்தே எழுதியிருந்தார். ஒரு தாய் காலி வீட்டுக்குள் நடந்துபோகும் காட்சி. நான் ரயில் நிலையத்துக்கும் போகவில்லை, கோப்பிக் கடைக்கும் போகவில்லை. ஒரே ஒரு முறை கேட்டேன். திருத்த ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினேன். அதற்கு அவர், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது, என்று பதில் போட்டார்.

இப்போது அவர் தன் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கருவி போட்டால் எல்லாம் தகரமாகக் கேட்கிறதாம், பாதி நேரம் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறாராம். நான் மறுபடி தமிழ் நாடகங்களுக்கு வந்துவிட்டேன். மருமகள் கன்னத்தில் மாமியார் அறையும்போதெல்லாம் இடி இடிக்க வேண்டும் என்கிறார் இயக்குநர். போன மாதம் வேறொரு இயக்குநர், தன் முதல் படத்துக்கு இசை கேட்டு வந்தார். கதையைக் கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டேன். வந்தவர் போன பிறகு கணவர், “கதை நல்லாயில்லன்னா சொல்லிடுவியா, என்ன செய்வ?” என்றார். அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.