கையின் மேல் போட்ட பழி

துப்பாக்கி சுடும் கழகத்தில் அவளை எல்லோரும் ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வாரம் முழுக்க ஹாரன் சத்தத்தில் காது புளித்துப்போகும் அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையோடு தரையாகப் படுத்து, மூச்சை அடக்கி, தூரத்துக் கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஓய்வு. "ஊரெல்லாம் தூங்கி ஓய்வெடுக்கும், இவ சுட்டு ஓய்வெடுப்பா" என்று கணவர் கேலி செய்வார்.

மழைநாள் ஒன்றில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். வீட்டில் கிடந்த நாட்களில் சோறு பிசைந்து ஊட்டியதிலிருந்து தலை பின்னிவிட்டதுவரை எல்லாம் கணவர்தான். பின்னல் கோணல்மாணலாக இருக்கும்; அவள் ஒரு குறையும் சொன்னதில்லை. பணிமனையில் மறுபடி வண்டியைக் கொடுத்த அன்று அவர் ஒரு பெட்டித் தோட்டா வாங்கி வந்து நீட்டினார்.

"நீளமான குண்டாம். காத்தடிச்சாலும் அவ்வளவா விலகாதாம். கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை."

அந்த ஞாயிறே அதைப் போட்டுச் சுட்டாள். ஒன்று அட்டையின் மூலையில் விழுந்தது. ஒன்று அட்டையையே தொடவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. கழகச் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கை இன்னும் கூடலம்மா. இந்த வருசப் போட்டிய விட்டுடுங்க. உடம்புதான் முக்கியம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளரில் நீர் நிரப்பிக் கையில் பிடித்து, நீர் அசைகிறதா என்று உற்றுப் பார்த்தாள். அசைவது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. அவள் கவலை போட்டியைப் பற்றியது அல்ல. இந்தக் கையை நம்பித்தானே வண்டி நிறைய ஜனம் ஏறுகிறது? பணிமனையில் சொல்லி, வண்டி ஓட்டாத மேசை வேலை கேட்டுவிடலாம் என்றுகூட முடிவுக்கு வந்துவிட்டாள்.

போட்டிக்கு முந்தைய பயிற்சிக்கு, கடைசியாக ஒரு தடவை என்று வந்தாள். அன்று இலக்குகளுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து அட்டை மாற்றும் முறை பல் டாக்டரம்மாவுக்கு வந்தது. வருசா வருசம் முதலிடத்துக்கு ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்கிறவர் அவர். சிரித்துப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. அப்படிப்பட்டவர், சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"இதப் பாருங்க. ஓட்டை வட்டமாவா இருக்கு?"

ஸ்டியரிங் குனிந்து பார்த்தாள். ஓட்டை நீளவாக்கில், சாவித் துவாரம் போலக் கிழிந்திருந்தது. இவ்வளவு நாளும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பக்கத்தில் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"குண்டு மூக்கால குத்தல, குறுக்க விழுந்திருக்கு. நடுவழியில புரளுது. கை நடுங்கினா குண்டு இடம் மாறிப் போகும், குறுக்க போகாது. துப்பாக்கியக் கொடுங்க."

காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல் குழலுக்குள் பார்த்தார். துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கச் சுற்றி, கைப்பிடி அருகே மேல்பக்கமாக ஓர் ஒட்டுத்துண்டை ஒட்டி, உள்ளே தள்ளினார். குழலின் உட்புறத்து முறுக்கு வரிகளைப் பிடித்துக்கொண்டு கம்பி சுழன்றபடியே போனது. ஒட்டுத்துண்டு ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, கம்பி போன தூரத்தை அளந்தார்.

"பன்னெண்டு அங்குலம் போனாத்தான் உங்க குழல்ல ஒரு சுத்து. நீங்க முன்ன போட்ட கட்டக் குண்டுக்கு இது தாராளம். குண்டு நீளமாக நீளமாக, நேரா நிக்கறதுக்கு வேகமா சுத்தணும். இந்தக் குண்டுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்தாவது வேணும். யாரு வாங்கினது?"

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கணவர், தள்ளி நின்று தலையைச் சொறிந்தார். "நான்தாங்க. நல்லதுன்னு நெனச்சு..."

"நல்ல குண்டுதான். இந்தத் துப்பாக்கிக்குச் சேராது, அவ்வளவுதான்."

கழக அலமாரியில் அவளுடைய பழைய கட்டைக் குண்டுத் தோட்டாக்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவள் படுத்தாள். ஐந்து சுட்டாள். டாக்டரம்மா கொண்டுவந்து காட்டிய அட்டையில், கறுப்பு வட்டத்துக்குள்ளேயே ஐந்தும் வட்ட ஓட்டைகளாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருந்தன. ஸ்டியரிங் இத்தனை வாரம் திட்டித் தீர்த்த கையை இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் டாக்டர். நான் போட்டிக்கே வந்திருக்க மாட்டேன்."

"நல்ல பல்லப் புடுங்கச் சொல்லி வர்றவங்களையே திட்டி அனுப்புறவ நான். நல்ல கையக் குத்தம் சொன்னா பாத்துக்கிட்டிருப்பேனா?" என்று சிடுசிடுத்துவிட்டு, அவர் பள்ளத்துக்குத் திரும்பி நடந்தார்.

டாக்டரம்மாவின் துப்பாக்கிக்கும் அதே அளவுத் தோட்டாதான். குழலில் முறுக்கு மட்டும் வேகம். அதனால் அந்தப் பெட்டியில் மிச்சமிருந்ததை அவள் அவருக்கே கொடுத்துவிட்டாள். போட்டியில் அவர் முதலிடம், இவள் இரண்டாமிடம். "எப்படிப் பாத்தாலும் ஜெயிச்சது நான் வாங்கின தோட்டா" என்று கணவர் கழகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளுக்கு அன்று தோற்ற மாதிரியே இல்லை. மறுநாள் பேருந்தை எடுக்கும்போது, தகடு வைத்துத் தைத்த மருத்துவரையும், பின்னல் போட்டுவிட்ட மனிதரையும், அட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்தவரையும் ஒருசேர நினைத்துக்கொண்டாள். கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

அடுத்த விடுமுறையன்று டாக்டரம்மாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். திடீரென்று கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

"அது... சும்மா பழக்கங்க."

"நாளைக்குக் கிளினிக் வாங்க" என்றார் டாக்டரம்மா. ஸ்டியரிங் வாய்விட்டுச் சிரித்து, டாக்டரம்மாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.