கூடத்தில் நின்ற இத்தாலி வெண்கலம்

ஐஸ் பெட்டி கூடத்துக்குள் போகமாட்டேன் என்கிறது, வாருங்கள் என்று முதலாளியின் மகன் காலையில் போன் செய்தார். முதலாளி இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

1. இறக்கிய நாள்

நானும் ஏழுமலையும் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் இறக்குகிறவர்கள். லேத், பிரஸ், பாய்லர் எதுவானாலும் செயின் பிளாக்கில் தூக்கி இடத்தில் உட்காரவைப்போம். பட்டரவாக்கத்தில் ஒருதரம் ஒரு பிரஸ் சரிந்து... அது வேறு கதை.

முதலாளி அங்கே ஸ்பிரிங் கம்பெனி நடத்தியவர்; அவர் மெஷினெல்லாம் நாங்கள் இறக்கியதுதான். மெஷின் வாங்க இத்தாலிக்குப் போய், அங்கே ஒரு சிற்பியின் வேலையைப் பார்த்து மயங்கி வந்தார். பிறகு எப்போது போனாலும் அந்த ஒருவருடையதையே வாங்கினார். சின்னச் சின்ன வெண்கலம், அச்சடித்த படங்கள். சாமியும் இல்லை, ஆளும் இல்லை, கோடும் வளைவும்தான். படத்தின் ஓரத்தில் எத்தனையாவது பிரதி என்று பென்சிலால் நம்பர் இருக்கும்.

"இன்னா மொதலாளி, நம்பர் போட்டுக்கீது, லாட்டரி சீட்டா?" என்றான் ஏழுமலை.

"ஆமாய்யா, பரிசு எனக்குத்தான்" என்று சிரித்தார்.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்டும்போது பெரிய சிலை வந்தது. ஒன்றரை டன். இரண்டு பெரிய வெண்கலப் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மாதிரி. முன்சுவர் எழும்புவதற்கு முன்பே கிரேனில் இறக்கி, கூடத்தின் நடுவில் தனி அஸ்திவாரத்தில் போல்ட் முறுக்கிக் காங்கிரீட் ஊற்றினோம். வாசக்கால் வைத்தது அதற்கப்புறம்.

முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். டீ கொண்டுவந்தவர் அங்கேயே நின்றார்.

"கன்னியப்பா, அந்த எடத்துல ஊஞ்சல் மாட்டலாம்னு இருந்தேனே."

"சாரைக் கேளும்மா" என்றேன்.

சார் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ.

2. எடுத்த நாள்

நாங்கள் போகும்போது நல்ல மழை. வாசலுக்கும் சிலைக்கும் நடுவில் பெட்டி திரும்ப இடமில்லை. சிலைக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது. பெட்டி போர்ட்டிகோவில் நின்றது.

"அப்பாவ உள்ளதான் படுக்க வெக்கணும்னு அம்மா சொல்றாங்க" என்றார் மகன். "அத நகத்த முடியுமாண்ணா?"

"நகராது தம்பி. கட்டிங் வீல் போட்டு ஒரு பலகைய அறுத்தா வழி கெடைக்கும்."

"அறுத்துடுங்க."

ஏழுமலை என் காதில் சொன்னான்: "மச்சான், பெருசு பெட்டியத் தொறந்துகினு வந்து ஒதைக்கும்."

அறுக்கிற மெஷினுக்கு ஒயர் இழுத்தாயிற்று. அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தார்.

"அறுத்தா அப்புறம் ஒட்டவெக்க முடியுமா?"

"வைக்கலாம்மா. தழும்பு தெரியும்."

சிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேணாம்பா. இத எடுங்கன்னு எத்தினி வருஷம் சண்ட போட்டிருப்பேன். அப்பல்லாம் பதில் பேசினாரு. இன்னைக்குப் பேச முடியாம படுத்திருக்காரு. இப்பப் போயி நான் ஜெயிக்கணுமா? அவரு வெளியவே இருக்கட்டும்."

நான் ஒயரைச் சுருட்டினேன்.

தார்ப்பாய் கட்டினோம். அப்படியும் சாரல் அடித்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையால் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொந்தக்காரப் பெண்கள் கூடத்தில் சிலைமேல் முதுகு சாய்த்து உட்கார்ந்து அழுதார்கள்.

உடலை எடுத்துக்கொண்டு போனபின் போட்டோ மாட்ட ஆணி தேடினார்கள். சுவர் முழுக்க இத்தாலிக்காரர் படம். அம்மா ஒன்றைக் காட்ட, ஏழுமலை அதைக் கழற்றினான். அந்த ஆணியில் முதலாளியை மாட்டினோம். போட்டோ சின்னது. சுற்றிலும் பழைய படத்தின் தடம் தெரிந்தது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எடையைக் கேட்கிறோம், தரை தாங்குமா என்று பார்க்கிறோம். நாம் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப்போகிறவர் ஒருவர் அங்கேயே இருப்பார். கொக்கி மாட்டுவதற்கு முன்னால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.