அண்ணனுக்கு எட்டாத ஜீப்

மூன்று வருடம் இருக்கும். மாங்காய் சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசு நின்ற நேரம். சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் எங்கள் வீடு. ஊருக்கு வெளியே ஓடையைத் தாண்டினால் எங்கள் மாந்தோப்பு. யார் யார் கையிலோ இருந்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்த பழைய ஜீப் ஒன்றும் உண்டு. ஓடைக் கற்கள் அதன் அடியில் டங்கென்று இடிக்கும்போதெல்லாம் எனக்கே அடி விழுந்தது போல இருக்கும். அதனால் ஜீப்பைத் தூக்கிக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். திருப்பதியிலிருந்து சில பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர உயரமான ஜீப்புகளில் எங்கள் மலையடிவாரத்துக்கு வருவார்கள். அவற்றின் பக்கத்தில் என் வண்டி முட்டி போட்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு வரக்கூடாத பொறாமை எனக்கு வந்தது.

வண்டியை உயர்த்துவதற்கென்றே விற்கும் செட்டின் விலையைக் கேட்டதும் நான் போனை வைத்துவிட்டேன். நமக்குத் தெரிந்த வழி வேறு. திருப்பதிக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில், நொறுங்கிப்போன பிக்கப் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் கிடைத்தன. ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிளை லேத் பட்டறையில் நீளமாக வெட்டி வாங்கினேன். டயர்களும் பெரிதுதான், ஆனால் பழையவை. பிரேக் ஹோஸை நீளமாக மாற்றாமல் வண்டியைத் தரமாட்டேன் என்று மெக்கானிக் மல்லுக்கு நின்றார், அதற்கும் அழுதேன். கடைசியில் கூலிக்குக் கை கடித்தது. கழற்றிப் போட்ட பழைய பட்டைகளையும் டயர்களையும் அங்கேயே எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த போலியோவில் அவருக்கு ஒரு கால் சூம்பிப்போனது. சித்தூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே தெருவில் தனித்தனி வீடு. தினமும் காலையில் நான்தான் அவரை ஜீப்பில் கடையில் விட்டுவிட்டு, அதே ஊரில் இருக்கும் என் வேலைக்குப் போவேன். வீட்டு ஆட்கள் யாரும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள அந்தப் பயணம் ஒன்றுதான் இருந்தது. பாஸ்டர் பிரசங்கத்தை எங்கே முடித்திருக்க வேண்டும் என்பதிலிருந்து மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் அடிக்கிற விலை வரை எல்லாம் அதில் அலசிவிடுவோம்.

அண்ணன் ஜீப்பில் ஏறுவதற்குத் தனி முறை வைத்திருந்தார். சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கைப்பிடியைப் பிடித்து, சீட்டின் ஓரத்தில் ஒரு எம்பு எம்பி உட்காருவார். பிறகு அந்தக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். யாராவது உதவிக்கு வந்தால் முகம் மாறிவிடும். அதனால் அந்த நேரத்தில் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோ போனைப் பார்த்துக்கொண்டோ இருப்பேன்.

புது உயரத்தில் ஜீப்பை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திய காலை, தெருவே கூடிவிட்டது. அண்ணனும் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாடா, லாரி மாதிரி பண்ணிக் கீற!" என்று சிரித்தார். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். முன்பெல்லாம் இடுப்புக்கு இருந்த சீட்டு இப்போது முதுகில் இடித்தது. ஒரு முறை எம்பினார், முடியவில்லை. மறுபடியும் எம்பினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஜீப்பை ஓட்டிக் காட்டும் அவசரம். இறங்கிப் போய், "இரு அண்ணா" என்று அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டேன். யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு போனேன்.

மறுநாள், ஸ்டாக் எடுக்கணும், சீக்கிரம் போகணும் என்று ஆட்டோவில் போய்விட்டார். அடுத்த நாள் வேறு ஏதோ காரணம். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. நான் நம்பினேன் என்று சொல்வதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். என் மனைவிதான் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அவுரு இன்னா மூட்டையா, தெரு முன்னாடி அப்டித் தூக்கி வெக்கறதுக்கு?" அவளிடம் எரிந்து விழுந்தேன். உதவி செய்ததற்கு இப்படி ஒரு பேச்சா என்று சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சித்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கல்வெர்ட்டின், அதாவது சிறுபாலத்தின், திண்டை ஒட்டி ஷேர் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. பின்னால் நான் ஹாரன் அடிக்க, ஆட்டோக்காரர் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார். ஜீப்பின் உயரத்திலிருந்து எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மண் சரிவாக ஏறியிருந்த அந்தத் திண்டின் மேல் நின்றிருந்தது என் அண்ணன். ஆட்டோக்காரர் சீட்டை அதற்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அண்ணன் முதுகைக் காட்டி, கைப்பிடியைப் பிடித்து, தன் முறைப்படி உட்கார்ந்தார். "மெல்லகா அண்ணா, மெல்லகா" என்று தெலுங்கில் சொன்ன ஆட்டோக்காரர் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, திரும்பவே இல்லை. அண்ணன் வீட்டிலிருந்து அந்தக் கல்வெர்ட் வரை நல்ல தூரம். அந்தத் திண்டின் உயரத்துக்காக, அந்தக் காலை இழுத்துக்கொண்டு தினமும் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். ஆட்டோ கிளம்பும்போது என்னைப் பார்த்தார். கையை அசைத்தார். நான் பதிலுக்கு அசைத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அன்றைக்கே ஓடிப்போய் ஜீப்பின் பக்கவாட்டில் இரும்புப் படி ஒன்று வெல்டிங் வைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். படியில் ஏற அந்தக் கால் உடம்பைத் தாங்க வேண்டும் என்பது அவர் அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "நல்லா கீதுடா, பசங்க ஏறுறதுக்கு ஆவும்" என்றார். என் மனசு நோகக்கூடாதென்று சொன்னார். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

மெக்கானிக்கிடம் போய் வண்டியைப் பழையபடி இறக்கச் சொன்னேன். பட்டைகள் எங்கே என்று கேட்டார். பட்டைகளா? அவை உருகி எந்தக் கட்டடத்துக் கம்பியாக நிற்கின்றனவோ! வேறு பட்டைகளைத் தேடிப்பிடித்து, அடுத்த மாங்காய்க் காசு வந்துதான் இறக்க முடிந்தது. ஏற்றிய செலவைவிட இறக்கிய செலவு அதிகம்.

இறக்கிய மறுநாள் காலை அண்ணன் வாசலில் போய் ஹாரன் அடித்தேன். வந்தார், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழியில் பிள்ளைகளின் படிப்பு, வெயில், பவர் கட் என்று பொதுவாகப் பேசினோம். கடை வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "தேங்க்ஸ்டா" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னதே கிடையாது. நானும் அவருக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வெளி ஆட்களுக்கு மட்டும்தான்.

மறுநாள் போனபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். சாயங்காலம் கேட்டேன். "அந்த ஆளு ஒரு வருஷமா எனக்கோசரம் வந்து நின்னுக்கினு கீறாரு. இப்போ வேணாம்னு எப்டிடா சொல்றது?" என்றார். குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் காலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீடும் சேர்ந்துதான் பிரியாணி செய்கிறோம். ஆனால் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு தனியாக சித்தூருக்கு ஓட்டிப்போகிற ஒவ்வொரு காலையிலும், ஒரு மனிதரின் உடம்பை ஒரு நொடியில் தூக்கிவிடலாம், ஆனால் அப்போது அவர் மனசிலிருந்து கீழே விழுந்ததை ஆயுசுக்கும் எடுத்து வைக்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறேன்.